பெட்டியில் வைத்த களா விதை முளைக்காது

கேள்வி இது: “போன வைகாசியில் ஊருக்குப் போனபோது கோயில்காட்டு ஓரத்தில் களாப்பழம் பறித்துத் தின்றோம். விதைகளைக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, டப்பாவில் போட்டு வைத்தேன். கார்த்திகை மழையில் 40 விதை ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை மலடா, மண் சரியில்லையா? திருமயம் பக்கம் இருக்கும் 2 ஏக்கர் நிலத்துக்குக் களாவையே வேலியாக வைக்க ஆசை. விதையிலிருந்து வளர்க்க முடியுமா? முன்காலத்தில் இதை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள்?”

விதையும் மலடு இல்லை, மண்ணிலும் குறை இல்லை. காயவைத்ததுதான் காரணம். நெல், உளுந்து, கத்தரி, சுரை இதெல்லாம் காயக் காய உறங்கப் போகும் விதைகள். நன்றாகக் காய்ந்தால்தான் அடுத்த பட்டம் வரை உயிரோடு இருக்கும். ஆனால் மா, பலா, நாவல் போன்றவற்றின் விதைகள் உறங்குவதில்லை. பழத்துக்குள் இருக்கும்போதே அவை ஈரத்தோடு முளைக்கத் தயாராக இருக்கின்றன. அந்த ஈரத்தை வெயில் உறிஞ்சிவிட்டால் உள்ளிருக்கும் கரு செத்துப்போகும். களாவும் இந்தப் பக்கம்தான் சேர்த்தி. பழத்திலிருந்து எடுத்த அன்றோ மறுநாளோ மண்ணுக்குள் போனால் நன்றாக முளைக்கும். நாள் ஆக ஆக முளைப்பு வேகமாகக் குறையும். நீங்கள் வைகாசிக்கும் கார்த்திகைக்கும் நடுவில் ஆறு மாதம் விட்டிருக்கிறீர்கள்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாட்டுச் செடிகளின் கன்று வளர்க்கத் தொடங்கிய முதல் வருடம், அப்பத்தா சுரை விதைக்குச் செய்கிற மாதிரியே சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து, உறியில் தொங்கவிட்டேன். சுரை எல்லாம் வந்தது, களா ஒன்றும் வரவில்லை. அந்த ஆனியில், பழம் தின்று விதை துப்பிய களத்து மூலையில் மட்டும் நான்கைந்து கன்றுகள் தாமாகவே எழும்பி நின்றன. நான் பாதுகாத்த விதை ஒன்றும் வரவில்லை, துப்பிய விதை முளைத்திருக்கிறது. அன்றைக்கு விளங்கியதுதான் இன்றுவரை நான் பின்பற்றுவது.

சரி, முதலில் எந்தக் களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் இரண்டு களா இருக்கிறது. ஒன்று பெருங்களா, தாவரவியலில் கரிஸ்ஸா கரண்டஸ் என்பார்கள். ஆளுயரத்துக்கு மேல் புதராக வளரும். காய் நெல்லிக்காயை விடச் சிறியது, நீள்உருண்டை. ஊறுகாய்க்குச் சந்தையில் வருவது இதுதான். இன்னொன்று சிறுகளா. இலையும் காயும் சிறியவை, பட்டாணியை விடக் கொஞ்சம் பெரிய பழம், பழுத்தால் கறுப்பாக நல்ல இனிப்பு. புதுக்கோட்டை, கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கோயில்காடுகளில், காரை, சூரை, சங்கஞ்செடி, வீரை இவற்றோடு கலந்து நிற்பது பெரும்பாலும் சிறுகளாதான். நீங்கள் கோயில்காட்டு ஓரத்தில் தின்றதும் அதுவாகவே இருக்கலாம். இரண்டையும் விதைக்கும் முறை ஒன்றே. வேலிக்கு இரண்டும் ஆகும். ஊறுகாயும் வேண்டும் என்றால் பெருங்களா வையுங்கள்.

மூன்றாவதாக ஒன்றும் நர்சரிகளில் களா என்ற பெயரில் கிடைக்கிறது. அது தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த நடால் பிளம். களாவுக்குச் சொந்தம்தான், ஆனால் நம் ஊர்ச் செடி இல்லை. இலை தடித்துப் பளபளப்பாக இருக்கும், பூ நம் களாப்பூவைப் போல ஒன்றரை இரண்டு மடங்கு பெரியது, பழம் பழுத்த பிறகும் சிவப்பாகவே நிற்கும். நம் களாப்பழம் சிவந்து, அப்புறம் ஊதாவாகி, கடைசியில் கறுத்துவிடும். பழைய பாடல்களில் யாழின் கரிய கோட்டுக்கு, அதாவது அதன் தண்டுக்கு, களங்கனியை உவமை சொன்னது அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான். கன்று வாங்குவதாக இருந்தால் பூவையோ பழத்தையோ பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி விதைப்பு. மாசி, பங்குனியில் களா பூக்கும். மல்லிகைப் பூவைப் போல வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக இருக்கும், வாசனையும் உண்டு. வைகாசி முதல் ஆடி வரை பழம். விதைக்கு எடுக்கிற பழம் செடியிலேயே முழுசாகக் கறுத்திருக்க வேண்டும். தொட்டால் கையோடு வர வேண்டும், அமுக்கினால் நெகிழ வேண்டும். சிவப்பாக இருக்கும்போதே பறித்து வீட்டில் வைத்துப் பழுக்கவிட்டால் விதை முற்றியிருக்காது. ஒரே புதரில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. மூன்று நான்கு முறை போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

எந்தப் புதரில் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஒரே காட்டில் பக்கத்துப் பக்கத்துப் புதர்களில்கூட ஒன்றின் பழம் சதைப்பற்றோடு இனிக்கும், ஒன்று தோலும் விதையுமாகப் பல் கூசும் அளவுக்குப் புளிக்கும். விதைக் கன்று தாய்ச்செடியை அப்படியே உரித்து வைக்காது என்றாலும், நல்ல தாயின் குணம் நிறைய வரும். அதனால் தின்று பார்த்து, பிடித்த புதரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே புதரிலிருந்து மட்டும் எடுக்காமல் ஐந்தாறு புதர்களில் எடுப்பது நல்லது. உங்கள் வேலி முழுவதும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருந்தால், அந்தத் தாய்க்கு இருக்கும் பலவீனம் எல்லாச் செடிக்கும் இருக்கும். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன்: புதரை மொட்டையடிக்க வேண்டாம். கொண்டைக்குருவியும் மைனாவும் அந்தப் பழத்தை நம்பித்தான் கோடையைத் தள்ளுகின்றன. அந்தக் காட்டில் அடுத்த களாவை நடுவதும் அவைதான்.

பழத்தைக் கொண்டுவந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பிசையுங்கள். களா அரளிக் குடும்பத்துச் செடி, அதனால் எங்கே கீறினாலும் வெள்ளைப் பால் வடியும். பழுத்த பழத்தில் பால் குறைவுதான், ஆனாலும் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். பிசைவதற்கு முன் கையில் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் கழுவுவது சுலபம். சதையும் தோலும் மேலே வரும், அவற்றை வழித்துவிட்டு, அடியில் கிடக்கும் விதைகளை மணல் போட்டுத் தேய்த்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றினால் வழவழப்புப் போய்விடும். வழவழப்போடு ஊன்றினால் எறும்பும் பூஞ்சையும் வரும். பழத்துக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு விதை, தட்டையாக இருக்கும். மிதக்கிற விதையைத் தள்ளிவிடுங்கள். மூழ்கியதை நிழலில் ஒரு துணியில் பரப்பி, மேல் ஈரம் மட்டும் வாங்கவிட்டு, அன்றைக்கே ஊன்றிவிடுங்கள். வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டும் என்றால் விதையாக எடுக்காமல் பழமாகவே கொண்டுவாருங்கள். காற்றோட்டமான கூடையில், ஈரத்துணி மூடி, இரண்டு மூன்று நாளுக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

மண் கலவைக்குப் பெரிய சூத்திரம் இல்லை. செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு. எரு பச்சையாக இருந்தால் நாற்று கழுத்து அழுகிச் சாயும். நான் மேட்டுப்பாத்தியிலோ குழித்தட்டிலோ போடுவதில்லை. நேராக நாற்றுப்பைதான், அதுவும் உயரமான பை. காரணம், களாவின் ஆணிவேர் மேலே இரண்டு இலை தெரிகிறபோதே கீழே விரல் நீளம் போயிருக்கும். பிடுங்கி மாற்றும்போது அது அறுந்தால் பால் வடிந்து, பிழைத்தாலும் இரண்டு மாதம் சும்மா நிற்கும். பைக்கு இரண்டு விதை, அரை விரற்கடை ஆழம், மேலே கொஞ்சம் மணல். பிறகு பாதி நிழல். தென்னங்கீற்று போட்ட பந்தல் போதும். தினமும் பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். ஈரம் இருக்க வேண்டும், சொதசொதவென்று நிற்கக்கூடாது.

இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரியத் தொடங்கும். எல்லாம் ஒன்றாக வராது; ஒரு மாதம் கழித்தும் ஒன்றிரண்டு தலைகாட்டும், அதனால் அவசரப்பட்டு பையைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டும் முளைத்தால் நோஞ்சானாக இருப்பதைக் கத்தரியால் மண்ணோடு வெட்டிவிடுங்கள், பிடுங்க வேண்டாம். நான்கு ஜோடி இலை வந்தபின் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி முழு வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். நிழலிலேயே வளர்ந்த களா கொடி மாதிரி நீண்டு, கிளை வைக்காது.

இப்போது பொறுமை வேண்டிய இடம். ஆனியில் விதைத்த கன்று ஐப்பசி மழைக்கு நான்கு மாதக் குழந்தைதான். ஜாண் உயரம்கூட இருக்காது. நிறையப் பேர் அந்த மழையைத் தவற விடக்கூடாது என்று அப்போதே நட்டுவிட்டு, அடுத்த சித்திரை வெயிலில் பாதியை இழக்கிறார்கள். நானும் ஒரு முறை 150 கன்றை அப்படி நட்டு, கோடைக்குப் பிறகு 30 மட்டும் பார்த்தேன். ஒரு வருடம் பையிலேயே வைத்து, அடுத்த ஐப்பசி மழை தொடங்கியதும் நடுங்கள். அப்போது முழங்கால் உயரம் வந்திருந்தால் நல்ல வளர்ச்சி. தண்டு பென்சில் பருமனாகி, முள் விறைத்து, வேர் பை முழுக்க ஓடியிருக்கும். இடையில் ஒரு முறை பெரிய பைக்கு மாற்றினால் இன்னும் நல்லது.

குச்சி வெட்டி நடலாமே என்று கேட்பீர்கள். களாவில் அது எளிதில் வேர் பிடிக்காது. வெட்டிய இடத்தில் பால் வடிந்து காய்ந்து அடைத்துக்கொள்ளும். நல்ல தாய்ச்செடியின் குணம் அப்படியே வேண்டும் என்றால் மழைக்காலத்தில் விண்பதியம் போடலாம், அதாவது செடியில் இருக்கும் கிளையிலேயே வேர் வரவைத்து வெட்டி எடுக்கலாம். வேலிக்கு அந்தப் பாடு தேவையில்லை. விதைக் கன்றுக்கு ஆணிவேர் உண்டு, நம் பக்கத்துச் சரளை மண்ணில் கோடையைத் தாங்குவதற்கு அதுதான் வேண்டும்.

உங்கள் நிலம் சதுரமாக இருந்தால் 2 ஏக்கருக்குச் சுற்றளவு ஏறக்குறைய 1,180 அடி. 3 அடிக்கு ஒரு கன்று என்றால் 400-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஆடு புகாத வேலி வேண்டும் என்றால் இரண்டு வரிசையாக, ஒன்று விட்டு ஒன்று முக்கோணமாக வர வேண்டும். அப்போது வரிசைக்குள் 4 அடி இடைவெளி விட்டு, மொத்தம் ஏறக்குறைய 600 கன்று. ஒற்றை வரிசையில் தொடங்கி, கன்று பட்டுப்போன இடத்தில் நிரப்பிக்கொண்டு போவதுதான் கைக்கு அடங்கிய வேலை. 400 கன்று நிற்க வேண்டும் என்றால் 800 விதையாவது ஊன்றுங்கள். ஒரு கிலோ பழம் இருந்தால் தாராளமாகப் போதும்.

குழி ஒன்றரை அடி நீள அகல ஆழம். மேல்மண்ணையும் இரண்டு கை தொழுவுரத்தையும் கலந்து மூடுங்கள். களாவுக்கு மேட்டு நிலம், சரளை, செம்மண், கொஞ்சம் உவர் எல்லாம் ஆகும். ஆகாதது ஒன்றுதான்: தண்ணீர் தேங்கக்கூடாது. கண்மாய்ப் பக்கத்துப் பள்ளத்தில் வேலி போகிறது என்றால் அந்த இடத்தில் மட்டும் கரை போட்டு மேட்டில் நடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு முறை குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு மழை போதும். இளம் கன்றுக்கு முள் இருந்தாலும் ஆடு விடாது. தளிரை நுனியோடு கிள்ளித் தின்றுவிடும். அதனால் முதல் இரண்டு வருடம் கருவை முள் வெட்டிப் போட்டு மறைப்புக் கட்டுங்கள். இதைச் செய்யாததால்தான் பலருடைய களா வேலி கன்றிலேயே முடிந்துபோகிறது.

நட்ட கன்று முழங்கால் உயரத்தைத் தாண்டியதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். அடியிலிருந்து கிளை பிரிந்தால்தான் வேலி கீழே சந்து இல்லாமல் அடையும். பெரிதான பிறகு கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவது, பழம் முடிந்த கையோடு, ஆடி, ஆவணியில் செய்ய வேண்டும். பூ கிளை நுனிகளில்தான் வரும். தையில் வேலியை அழகாக வெட்டிவிட்டு, இந்த வருடம் ஏன் காய்க்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. பூக்க வேண்டிய நுனிகளை அவர்களே வெட்டிவிட்டார்கள். விதைக் கன்று மூன்றாம் வருடத்திலிருந்து ஒன்றிரண்டாகக் காய்க்கும். ஐந்து வருடத்தில் வேலி வேலியாக நிற்கும்.

ஐந்து வருடமா என்று மலைக்க வேண்டாம். முள்ளுக்கம்பி ஒரே நாளில் கட்டிவிடலாம்தான், ஆனால் அது கட்டிய நாளிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும், கல்தூண் சாயும். களா வேலி வருடத்துக்கு வருடம் கெட்டியாகும். காற்றைத் தடுக்கும், வேர் நிறையக் கிளைத்துச் சரிவான வரப்பில் மண்ணைப் பிடித்து வைக்கும், ஆண்டுக்கு மூன்று மாதம் பழமும் தரும்.

உயிர்வேலியாகக் களாவின் பலம் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட ஒரு கதை வட இந்தியாவில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் உப்புக்குக் கடுமையான வரி போட்டிருந்தார்கள். வரி கட்டாத உப்பு உள்ளே வராமல் தடுக்க நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு முள்வேலி போட்டார்கள். முதலில் காய்ந்த முள்ளைக் குவித்தார்கள். கரையானும் தீயும் காற்றும் அதை அழித்துக்கொண்டே இருந்தன. 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்க ஆணையராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பின்னாளில் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர், அந்த வேலியை உயிருள்ள செடிகளால் வளர்க்க ஏற்பாடு செய்தார். எந்த மண்ணுக்கு எது வரும் என்று பார்த்து நட்ட செடிகளில் கருவேலம், இலந்தை, சப்பாத்திக்கள்ளி இவற்றோடு களாவும் ஒன்று. ஏழையின் உப்பைத் தடுக்க ஒரு செடியைப் பயன்படுத்தினார்கள் என்பது எனக்கு இன்றும் மனதை உறுத்துகிற விஷயம். 1879-இல் அந்தச் சுங்க எல்லை கைவிடப்பட்டது, வேலியும் அழிந்துபோனது. ஆளும் மாடும் நுழைய முடியாத வேலி வேண்டும் என்றபோது அவர்கள் தேடிப்போனது நம் புஞ்சைக்காட்டு முள்செடியைத்தான் என்பதைச் சொல்லவே இதை எழுதினேன்.

அடுத்து, பயன்பாடுகள். முதலில் வாய்க்கு. எங்கள் பக்கம் ஆடு மேய்க்கிற பிள்ளைகளுக்குக் கோடையில் மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் கிடைப்பது களாப்பழமும் சூரைப்பழமும்தான். நாக்கும் உதடும் ஊதாவாகி வீட்டுக்கு வருவோம். காயாக இருக்கும்போது உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்பது. “கிடைக்காத பலாக்காயைவிடக் கிடைத்த களாக்காய் மேல்” என்று அப்பத்தா சொல்வார். களாக்காய் அவ்வளவு மலிவாக, எல்லார் கைக்கும் எட்டுகிற ஒன்றாக இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் களக்காடு என்ற ஊருக்கே களா நிறைந்த காடு என்று பெயர்க்காரணம் சொல்வார்கள்.

ஊறுகாய்க்குக் காயின் பருவம் முக்கியம். பச்சைக் காயில் ஒரு பக்கம் மட்டும் சிவப்பு ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். பிஞ்சில் பால் அதிகம், துவர்க்கும், பழுத்தது கரைந்துவிடும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, காயைக் கழுவி, இரண்டாகக் கீறி விதையை நீக்கி, உப்புத் தண்ணீரில் ஒரு இரவு போட்டு வைத்தால் பால் இறங்கிவிடும். மறுநாள் வடித்து, துணியில் பரப்பி ஒரு வெயில் காட்டி, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம் சேர்த்து, நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்ற வேண்டும். புளியோ எலுமிச்சையோ தேவையில்லை, காயின் புளிப்பே போதும். மூன்றாம் நாளிலிருந்து பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். எண்ணெய் மேலே மிதக்க வைத்து, ஈரக் கரண்டி போடாமல் இருந்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

ஆந்திராவில் இதை வாக்காய் என்கிறார்கள். துவரம்பருப்போடு புளிக்குப் பதில் வாக்காய் போட்டுக் கடைந்தால் வரும் பருப்பு, ஒரு முறை தின்றால் ஒவ்வொரு ஆனிக்கும் தேட வைக்கும். நீங்கள் கட்டாயம் செய்து பாருங்கள். நம் பக்கம் ஊறுகாயோடு நின்றுவிட்டது வருத்தம்தான். மராட்டியத்தில் கரவந்தம் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் கோடையில் பறித்து, இலைத் தொன்னையில் வைத்துச் சாலையோரம் விற்பார்கள். அங்கே அதற்கு மலையின் கறுப்பு மைனா என்று செல்லப் பெயர். பழுத்த பழத்தில் சர்பத் போடலாம், ஜெல்லி செய்யலாம். ஜெல்லியை இறுக வைக்கும் பெக்டின் என்ற பொருள் பழத்திலேயே நிறைய இருப்பதால், அதை வெளியே வாங்கிச் சேர்க்காமலே ஜெல்லி தானாக இறுகும்.

அப்புறம், நீங்கள் தெரியாமலே பல முறை களா தின்றிருப்பீர்கள். பேக்கரி கேக்கின் மேலும் பீடாவிலும் வைக்கிற சிவப்பு செர்ரி இருக்கிறதே, அது பெரும்பாலும் செர்ரி இல்லை. களாக்காயில் விதையை எடுத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சிவப்புச் சாயம் ஏற்றியது. அந்தத் தொழிலுக்கும் ஊறுகாய்க்கும் வடக்கே தோட்டமாகவே வளர்க்கிறார்கள். பந்த் மனோகர், பந்த் சுதர்ஷன், பந்த் சுவர்ணா என்று பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்கள் இருக்கின்றன. கொங்கணில் கொங்கண் போல்ட் என்று ஒன்று. விற்பனைக்கு வளர்ப்பவர்கள் அந்த ஒட்டு அல்லது பதியக் கன்றுகளைத் தேடலாம். வேலிக்கு நாட்டு விதைதான் என் விருப்பம்.

மற்றப் பயன்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். களாக் கட்டை வெள்ளையாக, கெட்டியாக, வழவழப்பாக இருக்கும். சீப்பு, கரண்டி, சின்னக் கடைசல் சாமான்கள் செய்திருக்கிறார்கள். காயைத் தோல் பதனிடவும் சாயத்துக்கும் பயன்படுத்தியதுண்டு. பழத்தின் கறை துணியில் பட்டால் எளிதில் போகாது என்பது பிள்ளைகளின் சட்டையைத் துவைத்தவர்களுக்குத் தெரியும். இலை டஸ்ஸர் என்ற காட்டுப்பட்டு தரும் புழுவுக்குத் தீனியாக இருந்திருக்கிறது. வேரை அரைத்து ஈயை விரட்டப் பூசுவார்கள்.

மருந்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். களாப்பழம் பித்தத்துக்கு நல்லது, வாய்க் கசப்பைப் போக்கும், பசியைத் தூண்டும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக இருக்கும் நம்பிக்கை. காய் துவர்ப்பு என்பதால் வயிற்றுப்போக்குக்கும், இலைக் கஷாயம் விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கும் வாய்ப்புண்ணுக்கும், வேர் வயிற்றுப் பூச்சிக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆயுர்வேதத்தில் கரமர்த்தம் என்று பெயர். பழத்தையும் ஊறுகாயையும் உணவாகத் தின்பதில் பயமில்லை. ஆனால் வேரை வீட்டில் இடித்துக் கஷாயம் போட்டுக் குடிக்காதீர்கள். அரளிக் குடும்பத்துச் செடி என்று மேலே சொன்னேன். களா வேரிலும் இதயத் துடிப்பைப் பாதிக்கும் பொருள்கள் இருக்கின்றன. அளவு தெரிந்த வைத்தியர் கையில் மருந்தாக இருப்பது நம் கையில் அப்படி இருக்காது. கர்ப்பிணிகளும் இதய நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களும் வேர்ப் பக்கமே போக வேண்டாம். முள் குத்தினால் நாள்பட வலிக்கும். கவாத்துச் செய்யும்போது கைக்குத் தடித்த உறை, காலுக்குச் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். வெட்டிய கிளையை வரப்பில் போட்டுவிடாமல் அன்றே அள்ளி, ஒரு மூலையில் குவியுங்கள். அந்தக் காய்ந்த முள்ளே அடுத்த கன்றுகளுக்கு மறைப்பாகும்.

இனி உங்களுக்கு இந்த வருடம். மாசியில் பூ வரும்போதே அந்தக் கோயில்காட்டுப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். களா எங்கெங்கே நிற்கிறது என்பது பூக்கும்போதுதான் தூரத்திலிருந்தே தெரியும்; பூ உதிர்ந்த பிறகு காரையும் களாவும் ஒன்றாகவே கண்ணுக்குப் படும். பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கோயில்காட்டில் கிளை ஒடிக்க அனுமதிக்காத ஊர்கள் உண்டு, கீழே உதிர்ந்த பழத்தை மட்டும் எடுக்கச் சொல்வார்கள். உதிர்ந்தது போதும், அன்று விழுந்து தோல் கிழியாமல் இருந்தால் விதைக்கு அதைவிட முற்றியது கிடைக்காது. பைகளில் மண் நிரப்பி, தண்ணீர் தெளித்து ஆயத்தமாக வைத்துவிட்டு அப்புறம் பழத்துக்குப் போங்கள். திரும்பி வந்து மண் தேடினால் இரண்டு நாள் ஓடிவிடும். விதைத்து மீதி வந்தால் கேட்பவர்களுக்குப் பழமாகவே கொடுத்துவிடுங்கள், டப்பாவில் எடுத்து வைக்க வேண்டாம். கன்று தேறிய பிறகு பத்துக் கன்றை அந்தக் கோயில்காட்டு ஓரத்திலேயே, சீமைக்கருவேலம் ஏறி வரும் பக்கம் பார்த்து, ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு நட்டு வையுங்கள்.